முதியோரை முதலில் நகர்த்துவோம்: அனர்த்த காலத்துக்கான ஆயத்தம்



மழை விடாது பெய்கின்றது. ஆற்றின் நீர்மட்டம் உயர்கின்றது என்று வானொலியில் அறிவித்தல் வருகின்றது. வீட்டிலுள்ளோர் அரிசி மூட்டையை உயரத்தில் ஏற்றுகின்றனர்; மோட்டார் சைக்கிளை மேட்டு நிலத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றனர்; காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலிதீன் உறையில் இட்டுக் கட்டுகின்றனர். இவை யாவும் நல்ல காரியங்களே. ஆனால் உள்ளறையில் படுத்திருக்கும் மூத்தம்மாவை யார் தூக்குவது, எதில் ஏற்றுவது, எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் வெள்ளம் வாசற்படியைத் தாண்டிய பின்னரே எழுகின்றது.

முதியோர் இல்லங்களின் நிலையும் பல இடங்களில் இதுவே. இக்கேள்விக்குரிய விடையை அமைதியான ஒரு நாளில் தேடிவைப்பது எப்படி என்பதையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

ஏன் முதியோர் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்கடியில் பூமி அதிர்ந்து, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் அதன் அலைகள் நமது கிழக்குக் கரையை அடைந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இந்நாடு இழந்தது. அம்பாறை மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்த குடும்பங்களிடையே பின்னர் நடத்தப்பட்ட ஆய்வொன்று, சிறு குழந்தைகளும் ஐம்பது வயதைத் தாண்டியோருமே இளைஞர்களைவிடக் கூடுதலான விகிதத்தில் மரணித்திருந்தனர் என்பதைக் காட்டியது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது குருநாகல் மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்றினுள் வெள்ளம் புகுந்து, அங்கு தங்கியிருந்தோர் பலர் மரணித்த செய்தி நம் அனைவரையும் உலுக்கியது.

இவற்றுக்கான காரணம் உடற்பலவீனம் மாத்திரமன்று. முதியவரின் நேரம் வேறு. இளைஞரின் நேரம் வேறு. ஓர் இளைஞர் எச்சரிக்கையைக் கேட்டதும் இரண்டு நிமிடத்தில் வீதிக்கு வந்துவிடுவார். செவிப்புலன் குறைந்த முதியவருக்கு அந்த எச்சரிக்கையே கேட்பதில்லை. கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைத் தேடவேண்டும், ஊன்றுகோலைத் தேடவேண்டும். வயதான தாயொருவர் தலையை மறைக்கும் துணியின்றி வெளியே வர உடன்படமாட்டார். அதைத் தேடுவதிலும் நேரம் செல்லும். பாரிசவாதத்தால் படுக்கையில் இருப்பவரை இருவராவது சேர்ந்தே தூக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். ஓர் இல்லத்தில் முப்பது முதியோர் இருக்கின்றனர். அவர்களில் பத்துப் பேரால் நடக்க இயலாது. இரவுக் கடமையில் இரண்டு பணியாளர்களே உள்ளனர். ஒருவரைக் கட்டிலிலிருந்து எடுத்து மேல்மாடியில் சேர்த்துவிட்டுத் திரும்ப ஆறு நிமிடம் என்று வைத்தாலும், அந்தப் பத்துப் பேருக்கு மாத்திரம் ஒரு மணி நேரம் தேவைப்படும். நடக்கக்கூடிய இருபது பேரை அவ்வேளையில் யார் பார்ப்பது? வெள்ளம் அந்த ஒரு மணி நேரத்தைத் தருமா?

எனவே முதல் விதி இதுதான்: மற்றவர்கள் வெளியேறும் நேரத்தில் முதியோர் வெளியேறத் தொடங்கினால் அது தாமதமாகும். மற்றவர்கள் ஆயத்தமாகும் நேரமே முதியோர் புறப்படும் நேரமாகும்.

ஜப்பான் கற்ற பாடம்

இந்த விதியைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட நாடு ஜப்பான். அங்கே 2016 ஆகஸ்ட் 30ஆம் திகதி பெரும் சூறாவளியொன்று வீசியது. இவாத்தே மாகாணத்தின் இவாய்சுமி என்னும் ஊரில், ஆற்றங்கரையில் மறதிநோயுற்ற முதியோருக்கான சிறிய இல்லமொன்று இருந்தது. மாலையில் ஆறு பெருகி உட்புகுந்தபோது அங்கிருந்த ஒன்பது முதியோரும் இறந்தனர். பக்கத்திலேயே மாடிக் கட்டிடம் ஒன்றும் இருந்தது என்பது வேதனையை இன்னும் கூட்டுகின்றது.

எச்சரிக்கை வழங்கப்படவில்லையா? வழங்கப்பட்டிருந்தது. அன்று காலையிலேயே ஊர் நிருவாகம் "வெளியேற ஆயத்தமாகுங்கள்" என்ற அறிவித்தலை விடுத்திருந்தது. அந்த அறிவித்தலுக்கு, முதியோர் இப்போதே வெளியேறத் தொடங்கவேண்டும் என்ற பொருளும் உண்டு. ஆனால் இல்லத்தை நடத்தியோர் அதை அவ்வாறு விளங்கிக்கொள்ளவில்லை. "ஆயத்தமாகுங்கள்" என்ற சொல்லைக் கேட்டவர்கள், இன்னும் நேரம் இருக்கின்றது என்றே கருதினர்.

இதன் பின்னர் ஜப்பான் அரசு அந்த அறிவித்தலின் பெயரையே மாற்றியது. 2016 டிசம்பரில் அப்பெயரோடு "முதியோர் வெளியேறத் தொடங்கவும்" என்ற கருத்துள்ள சொற்கள் சேர்க்கப்பட்டன. 2021 மே மாதத்தில் அது மேலும் சுருக்கப்பட்டு, "முதியோர் முதலானோர் வெளியேற்றம்" என்ற பொருளில் நேரடியாகவே அறிவிக்கப்படலாயிற்று. ஐந்து நிலைகளைக் கொண்ட அவர்களது எச்சரிக்கை முறையில் மூன்றாம் நிலை முதியோருக்குரியது. நான்காம் நிலையே அனைவருக்கும் உரியது. வெள்ள அபாயமுள்ள இடங்களிலுள்ள முதியோர் இல்லங்கள் வெளியேற்றத் திட்டம் வகுத்துப் பயிற்சி செய்வதும் 2017இல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது.

திட்டம் இருந்தால் எல்லாம் முடிந்துவிடுமா? அதுவும் இல்லை. 2020 ஜூலை 4ஆம் திகதி அதிகாலையில் குமமோத்தோ மாகாணத்தின் குமா கிராமத்தில் ஆறு பெருகியபோது, அங்கிருந்த முதியோர் இல்லமொன்றில் 14 பேர் உயிரிழந்தனர். அந்த இல்லத்தில் திட்டமும் இருந்தது, பயிற்சியும் நடந்திருந்தது. ஊரவர்கள் ஓடிவந்து, பணியாளர்களுடன் சேர்ந்து முதியோரை மேல்மாடிக்குத் தூக்கிச் சென்றதால் பெரும்பாலானோர் தப்பினர். ஆயினும் நீர் ஏறிய வேகம் அவர்களது கைகளின் வேகத்தை மிஞ்சிவிட்டது.

இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். அயலவரின் கைகள் உயிர்களைக் காத்தன என்பது ஓர் உண்மை. இரவில் நீர் ஏறக்கூடும் என்றால் பகலிலேயே நகர்த்திவிட வேண்டும் என்பது மற்றோர் உண்மை.

"நகர்த்துவதே ஆபத்து" என்ற அச்சம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரினா சூறாவளியின்போது சென் ரீட்டாஸ் என்ற முதியோர் இல்லத்தில் 35 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். முன்கூட்டியே வெளியேறாமல் இருந்த அதன் உரிமையாளர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. பலவீனமான முதியோரை நெடுந்தூரம் கொண்டுசெல்வது அவர்களது உயிருக்கே ஆபத்தாகும் என்று அஞ்சியே அவர்கள் தங்கினர் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. 2007இல் நடுவர் குழு அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது.

அந்த அச்சம் வெறும் சாட்டுப்போக்கு அன்று. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தின்போது, அதற்கு அண்மையிலிருந்த மருத்துவமனையொன்றிலிருந்தும் அதைச் சார்ந்த முதியோர் இல்லத்திலிருந்தும் நோயாளிகள் அவசர அவசரமாக வெளியேற்றப்பட்டனர். படுக்கையிலிருந்த பலர் பஸ்களில் பல மணி நேரம் பயணம் செய்யவேண்டியிருந்தது. போதிய பராமரிப்பும் மருத்துவமும் கிடைக்காமல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தங்கினாலும் ஆபத்து, நகர்த்தினாலும் ஆபத்து என்றால் என்ன செய்வது? இவ்விடத்தில் நிதானமாகச் சிந்திக்கவேண்டும். அவசரத்தில் நகர்த்துவதே முதியோரைப் பெரிதும் பாதிக்கின்றது. போகுமிடம் அண்மையில் இருந்து, மருந்தும் மருத்துவக் குறிப்பும் உடன் சென்று, அவரை அறிந்த ஒருவரும் கூடவே சென்றால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இந்த மூன்றையும் முன்னரே ஒழுங்குசெய்வதற்குப் பெயர்தான் ஆயத்தம்.

நீர் வராத இடத்திலும் மரணம் நிகழலாம். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி புளோரிடா மாநிலத்தைக் கடந்தபோது, ஹொலிவுட் என்னும் நகரிலிருந்த பராமரிப்பு இல்லமொன்றின் குளிரூட்டும் இயந்திரங்களுக்கான மின்சாரம் தடைப்பட்டது. கட்டிடம் இடியவில்லை; வெள்ளமும் புகவில்லை. ஆனால் மூன்று நாள் வெப்பத்தில் 12 முதியோரின் உயிர்கள் பிரிந்தன. வீதிக்கு அப்பால் மருத்துவமனை ஒன்று இருந்தும் உரிய நேரத்தில் அவர்கள் அங்கு கொண்டுசெல்லப்படவில்லை. அதன் பின் 2018இல், மின்பிறப்பாக்கியும் எரிபொருளும் வைத்திருந்து, மின்சாரம் தடைப்பட்டாலும் 96 மணி நேரத்துக்கு உட்புறத்தைக் குளிர்ச்சியாகப் பேணவேண்டும் என்று அம்மாநிலம் சட்டமியற்றியது. முதியோரின் உடல் வெப்பத்தைத் தாங்காது. அவர்களுக்குத் தாகமும் எளிதில் தெரிவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதியோர் இல்லங்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நமது நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தனர். 1981இல் அது நூற்றுக்கு ஏழுக்கும் குறைவாகவே இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் உழைக்க, பெற்றோர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பது இன்று அரிதான காட்சியன்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பதிவுசெய்யப்படவேண்டும். உங்கள் உறவினர் ஒருவர் இருக்கும் இல்லத்துக்குச் செல்லும்போது பதிவுச் சான்றிதழைக் கேட்பதுடன் நின்றுவிடாது, பணிவோடு பின்வருவனவற்றையும் கேளுங்கள்.

ஒன்று: இந்த இடத்தில் முன்னர் வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது? நடக்க இயலாதோரின் கட்டில்கள் எந்த மாடியில் உள்ளன? 

இரண்டு: எந்த எச்சரிக்கை வந்தால் வெளியேறத் தொடங்குவீர்கள்? அந்த முடிவை யார் எடுப்பார்? அவர் இல்லாத வேளையில் யார் எடுப்பார்? 

மூன்று: இரவுக் கடமையில் எத்தனை பேர்? அழைத்தால் வரக்கூடிய அயலவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சுவரில் எழுதப்பட்டுள்ளனவா? 

நான்கு: போகுமிடம் எது? அங்கே சக்கர நாற்காலி நுழையுமா? வாகனம் தருபவர் யார்? 

ஐந்து: மின்சாரமும் நீரும் தடைப்பட்டால் எத்தனை நாட்களுக்குக் குடிநீர், உணவு, மருந்து இருக்கின்றன? 

ஆறு: கடைசியாகப் பயிற்சி செய்தது எப்போது? இரவு நேரத்துக்கான பயிற்சி எப்போதாவது நடந்ததா?

விடை தெரியாவிட்டால் குற்றம் சாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். இல்லத்தை நடத்துவோருடன் அமர்ந்து அந்த விடையைத் தேட உதவுங்கள்.

நமது வீடுகளில் செய்யவேண்டியவை

நம்மில் பெரும்பாலானோரின் பெற்றோர் மகன் அல்லது மகள் வீட்டிலேயே வாழ்கின்றனர். ஆகவே அந்த வீடே அவர்களின் முதியோர் இல்லம்; அங்கும் திட்டம் வேண்டும்.

வாப்பாவின் அல்லது உம்மாவின் கட்டிலருகே ஒரு பையைத் தொங்கவிடுங்கள். அதில் ஒரு வாரத்துக்கான மருந்துகள், கிளினிக் புத்தகத்தின் பிரதி, தேசிய அடையாள அட்டையின் பிரதி, மாற்றுக் கண்ணாடி, செவிப்புலன் கருவியின் மின்கலங்கள், ஒரு டோர்ச், ஒரு விசில், ஜீவனிப் பொதிகள், தேவைப்படுவோருக்குப் பம்பர்ஸ், மாற்றுடை ஆகியன இருக்கட்டும். உம்மாவின் பர்தாவும் செருப்பும் அதே இடத்தில் இருக்கட்டும். மருந்துகளைக் காலாவதித் திகதி பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கிளினிக் செல்லும் நாளையே அதற்குரிய நாளாக வைத்துக்கொள்வது இலகுவானது.

இன்சுலின் பாவிப்போர் மின்சாரம் தடைப்பட்டால் அதை எப்படிப் பேணுவது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். பாவனையிலுள்ள இன்சுலினைப் பொதுவாக நான்கு வாரம் வரை, கடும் வெப்பம் படாத குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம். மறதிநோய் உள்ளவரின் சட்டைப் பையில் அவரது பெயரும் பிள்ளையின் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கவேண்டும்.

தூக்கிச் செல்வதையும் பழகிப் பாருங்கள். கைப்பிடியுள்ள உறுதியான கதிரையில் அமரவைத்து, துணியால் இலேசாகக் கட்டி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் பிடித்துச் செல்லலாம். படுக்கையில் இருப்பவரைத் தடித்த போர்வையில் கிடத்தி நான்கு பேர் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கலாம். முதலில் வீட்டிலுள்ள ஓர் இளைஞரை அமரவைத்துப் பழகுங்கள். எந்த வாசல் ஒடுங்கியது, எந்தப் படி வழுக்கும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

இன்னுமொரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. தங்குமிடங்களில் மலசலகூடம் தூரத்தில் இருக்கும்; குந்தி அமரும் வகையாகவும் இருக்கும். அதற்கு அஞ்சியே முதியோர் பலர் நீர் அருந்துவதைக் குறைக்கின்றனர், மயங்கியும் விழுகின்றனர். ஒரு கொமட் கதிரையும், சேலையால் கட்டிய ஒரு மறைவும் இருந்தால் அந்த அச்சம் நீங்கும். தங்குமிடத்தை ஒழுங்குசெய்வோர் இதை முதலில் கவனிக்கவேண்டும்.

பள்ளிவாசலும் இளைஞர்களும்

சுனாமியின்போதும் அதன் பின் வந்த வெள்ளங்களின்போதும் பள்ளிவாசல்கள் பல, இன மத வேறுபாடின்றி மக்களுக்குப் புகலிடமாயின. அச்சேவையை ஒரு படி முன்னே கொண்டுசெல்லலாம். ஊரில் தனியே வாழும் முதியோர், நடக்க இயலாதோர், பார்வையோ செவிப்புலனோ குன்றியோர் ஆகியோரின் பட்டியலொன்றைப் பள்ளிவாசல் நிருவாக சபை கிராம உத்தியோகத்தருடன் சேர்ந்து தயாரிக்கட்டும். அயலில் வாழும் மாற்றுமதச் சகோதரர்களின் பெற்றோரும் அதில் இடம்பெறட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு இளைஞர்களின் பெயர் எழுதப்படட்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் மற்றவர் இருப்பார். முதிய பெண்களுக்காக அவ்வீட்டை அறிந்த பெண்ணொருவரின் பெயரும் சேர்க்கப்படட்டும்.

ஒலிபெருக்கி அறிவித்தலை மாத்திரம் நம்பியிருக்கவேண்டாம். கேட்காத காதுக்கு ஒலிபெருக்கியால் பயனில்லை. கதவைத் தட்டும் கைதான் வேண்டும். மலைப்பாங்கான பகுதிகளில் வாழ்வோர், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கவனியுங்கள். அவ்வெச்சரிக்கை மூன்று நிலைகளைக் கொண்டது: முதலாவது விழிப்பாயிருத்தல், இரண்டாவது வெளியேற ஆயத்தமாதல், மூன்றாவது வெளியேறுதல். இவாய்சுமியின் பாடத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். முதியோர் உள்ள குடும்பம் மூன்றாவது நிலைக்குக் காத்திராது, இரண்டாவது நிலையிலேயே பாதுகாப்பான உறவினர் வீட்டுக்கு அவர்களைக் கொண்டுசெல்லவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

"நான் வரமாட்டேன்" என்போரிடம்

எல்லா ஆயத்தமும் இருந்தும், பெரியவர் ஒருவர் "நான் பிறந்த மண் இது; மௌத்து வந்தால் இங்கேயே வரட்டும்" என்று மறுப்பதுண்டு. அவ்வேளையில் அதட்டாதீர்கள். அந்த மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற கவலையும், அந்நியர் நடுவே மானம் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கும். வுழூச் செய்ய நீர் கிடைக்காது, தொழுகை தவறிவிடும் என்று கவலைப்படுவோரும் உண்டு. நோயாளிக்கும் இக்கட்டிலுள்ளோருக்கும் மார்க்கம் தந்துள்ள சலுகைகளை அவர்களுக்கு அமைதியான நாளிலேயே எடுத்துச் சொல்லுங்கள். தயம்மும் செய்யலாம், அமர்ந்தும் படுத்தும் தொழலாம். உயிரைக் காத்துக்கொள்வதும் அமானிதத்தைப் பேணுவதே என்பதைப் புரியவையுங்கள். முயற்சியைக் கைவிட்டுவிட்டுப் பேசும் தவக்குல் உண்மையான தவக்குல் ஆகாது என்பதை அவர்கள் நம்மைவிட நன்கறிவார்கள்.

அவர்களது விருப்பத்தையும் கேளுங்கள். எந்த வீட்டுக்குச் செல்ல விரும்புகின்றீர்கள், யார் உங்களைத் தூக்கினால் கூச்சமிருக்காது, எதை உடன் எடுத்துச் செல்லவேண்டும் என்று கேட்டுத் திட்டமிட்டால், அந்த நாளில் மறுப்பும் குறைந்துவிடும். தம்மைப் பற்றிய முடிவில் தமக்கும் பங்குண்டு என்பதை எந்தத் தாயும் தந்தையும் விரும்புவர்.

அன்புக்குரியவர்களே! பெற்றோரைப் பேணுவது கடமை என்று நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். உணவும் மருந்தும் உடையும் கொடுப்பதோடு அக்கடமை முடிவதில்லை. வெள்ளம் வரும் இரவில் அவர்களின் கையைப் பிடிக்கப்போவது யார் என்பதை இன்றே தீர்மானிப்பதும் அதே கடமையைச் சேர்ந்ததாகும். இந்த வாரம் குடும்பத்தினர் ஒன்றாக அமரும் ஒரு நாளில் நான்கு விடயங்களை எழுதி முடியுங்கள்: யார் தூக்குவது, எதில் ஏற்றுவது, எங்கே போவது, எந்த அறிவித்தலோடு புறப்படுவது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் இணைந்து, அயல்வீட்டார் ஒருவரிடம் அப்பொறுப்பை வாய்திறந்து கேட்டு ஒப்படையுங்கள்.

நம்மைச் சிறுவயதில் தூக்கிச் சுமந்தவர்களை, அவர்கள் தளர்ந்த வேளையில் உரிய நேரத்தில் தூக்கிச் செல்லும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.